பச்சை உடம்பும் பத்து மணி நேரப் பிரிவும்

விடியுமுன் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடும். தேனி மாவட்டத்துப் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்து, கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக எல்லை தாண்டி, உடும்பன்சோலை, வண்டன்மேடு, சாந்தம்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். பொழுது சாயும் நேரத்தில்தான் மலையிறங்குகிறார்கள். வீட்டுப்படி தாண்டியதிலிருந்து திரும்பிவந்து கால் கழுவுவது வரை பத்து மணி நேரத்துக்குக் குறையாது. அந்த ஜீப்பில் பிள்ளை பெற்று இரண்டு மாதம்கூட ஆகாத ஒருத்தி இருந்தால், அந்தப் பத்து மணி நேரத்தில் அவள் உடம்பில் என்ன நடக்கிறது? அவள் பாட்டியிடம் விட்டுவந்த குழந்தைக்கு என்ன நடக்கிறது?

இரண்டுக்கும் உடலியலில் தெளிவான விடை உண்டு. அந்த விடையைத் தெரிந்துகொண்டால், பேறுகால விடுப்பு பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் எதை விட்டுவிடுகிறோம் என்பதும் தெரிந்துவிடும்.

இடுக்கியிலும் பாலக்காட்டிலும் தமிழக எல்லையை ஒட்டிய மலைகளில் வேலை செய்யும் தாய்மார் எல்லோரும் ஒரே நிலையில் இல்லை. மூணாறு தேயிலைத் தோட்டங்களில் இருப்பவர்களில் பெரும்பாலோர், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் அழைத்துவந்த குடும்பங்களின் வழிவந்தவர்கள். நிரந்தரத் தொழிலாளியாக இருப்பவருக்கு லயம் என்ற தோட்டத்து வரிசைக் குடியிருப்பில் வீடு, தோட்ட மருத்துவமனை, சம்பளத்தோடு விடுப்பு என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. அன்றாடம் ஜீப்பில் வந்துபோகும் ஏலக்காட்டுப் பெண்ணுக்கு வேலை செய்த நாளுக்குக் கூலி, செய்யாத நாளுக்கு ஒன்றுமில்லை. பாலக்காட்டுப் பக்கம் நெல்லியாம்பதித் தோட்டங்களும், கோயம்புத்தூரை ஒட்டிய அட்டப்பாடியின் பழங்குடி ஊர்களும் இருக்கின்றன. இவர்கள் எல்லோருக்கும் உடம்பின் கணக்கு ஒன்றுதான். அந்தக் கணக்குக்கு எவ்வளவு இடம் கிடைக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

உள்ளே ஆறும் காயம்

பிரசவம் முடிந்தவுடன் கருப்பை ஏறக்குறைய ஒரு கிலோ எடை இருக்கும். ஒரு வாரத்தில் அது பாதியாகச் சுருங்குகிறது. இரண்டு வாரத்தில் இடுப்பெலும்புக் கூட்டுக்குள் இறங்கிவிடுகிறது. ஆறு வாரம் முடியும்போது நூறு கிராமுக்குள் அடங்குகிறது. மனித உடம்பில் வேறெந்த உறுப்பும் இத்தனை வேகமாகத் தன்னைத் தானே கரைத்துக்கொள்வதில்லை. பேறுகாலத்தில் பெருத்த தசை நார்களை அந்த உயிரணுக்களே உடைத்துச் செரித்துக்கொள்கின்றன.

நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காயம் இருக்கிறது. வெளியே அந்த அளவு காயம் பட்டால் யாரும் வேலைக்குப் போகச் சொல்லமாட்டார்கள். உள்ளே இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. இந்தக் காயம் ஆறும் முறை விசேஷமானது. சாதாரணக் காயத்தைப் போல் தழும்பு விழுந்து ஆறினால் அடுத்த கரு அந்த இடத்தில் ஒட்ட முடியாமல் போகும். அதனால் கருப்பையின் உட்சுவர் ஓரங்களிலிருந்தும் அடியிலிருந்தும் புதிதாக வளர்ந்து, பழைய பகுதியை மேலே தள்ளி உதிர்த்துவிடுகிறது. நாலிலிருந்து ஆறு வாரம் வரை போகும் உதிரம் இந்த வேலையின் அடையாளம். சிவப்பாகத் தொடங்கி, பழுப்பாகி, வெளுத்து நிற்கிறது. வெளுத்துவந்த உதிரம், கடினமாக வேலை செய்த நாளில் மறுபடி சிவந்தால், ஓய்வு போதவில்லை என்று உடம்பு சொல்கிறது.

நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளை முப்பது நாள், நாற்பது நாள் என்று தனியே வைத்து, பத்தியம் கொடுத்து, பச்சை உடம்புக்காரி என்று காற்றுப்படாமல் பார்த்துக்கொள்ளும் வழக்கம் இந்தக் காலக்கணக்குக்குப் பக்கத்தில் வருகிறது. அதில் தீட்டென்று ஒதுக்கும் பகுதியைக் கைவிட வேண்டும், ஓய்வென்ற பகுதியைக் காப்பாற்ற வேண்டும். உடலியலும் ஆறு வாரம் என்றே சொல்கிறது. ஆனால் ஆறு வாரம் என்பது கருப்பைக் காயம் ஆறுவதற்கான குறைந்தபட்சக் கெடு. உடம்பு முழுதும் பழைய நிலைக்கு வந்துவிட்டது என்று அதற்குப் பொருள் கிடையாது. கால் இரத்தக்குழாய்களில் இரத்தம் உறையும் அபாயம் இந்த ஆறு வாரத்தில்தான் மிக அதிகம், அதன் பிறகும் சில வாரங்கள் அது முழுதாக அடங்குவதில்லை. அறுவைப் பிரசவம் என்றால், வயிற்றுச் சுவரின் உறுதியான உறை ஆறு வாரத்தில் ஏறக்குறைய பாதி பலத்தைத்தான் திரும்பப் பெறுகிறது. வெளித்தோலில் தையல் ஆறிப்போயிருப்பதைப் பார்த்து மூட்டை தூக்குபவள், உள்ளே பாதி மட்டுமே சேர்ந்திருக்கும் சுவரை நம்பித் தூக்குகிறாள்.

சுமையும் சரிவும்

இடுப்பெலும்புக் கூட்டின் அடியில் தொட்டில் துணிபோல் விரிந்திருக்கும் தசைகள் கருப்பையையும் சிறுநீர்ப்பையையும் மலக்குடலையும் தாங்குகின்றன. குழந்தை வெளியே வரும் வேளையில் இத்தசைகளின் ஒரு பகுதி தன் நீளத்தைப்போல் சுமார் மூன்று மடங்கு இழுபடுகிறது. சாதாரணமாக ஒரு தசை இவ்வளவு இழுபட்டால் கிழிந்துவிடும். பேறுகாலத்து ஹார்மோன்கள் அதைத் தளர்த்தி வைத்திருப்பதால் பெரும்பாலானவர்களுக்குத் தாங்கிவிடுகிறது. அது மறுபடி இறுகுவதற்குச் சில மாதங்கள் பிடிக்கும்.

அதற்குள் சுமை தூக்கினால் என்ன ஆகும்? எடையைத் தூக்கும்போது நாம் மூச்சை அடக்கி வயிற்றை இறுக்குகிறோம். வயிற்றுக்குள் அழுத்தம் கூடுகிறது. அந்த அழுத்தம் கீழ்நோக்கி இறங்கி, இன்னும் இறுகாத தசைகளின் மேல் விழுகிறது. ஒருநாள் தூக்கியதால் எதுவும் ஆகிவிடாது. நாள்தோறும், ஆண்டுக்கணக்கில், ஒவ்வொரு பிள்ளைக்குப் பிறகும் சீக்கிரமே திரும்பி வந்து தூக்கும்போது அடிவயிறு இறங்குவது, தும்மினால் சிறுநீர் கசிவது, ஓயாத முதுகுவலி என்று வந்து சேர்கிறது. நாற்பது வயதில் தோன்றும் அந்த நோவுக்கு இருபத்தைந்து வயதில் தூக்கிய மூட்டையும் ஒரு காரணம் என்பது யார் நினைவுக்கும் வருவதில்லை.

ஏலச்செடியில் காய் பிடிக்கும் சரம் தண்டின் உச்சியில் வருவதில்லை. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படர்கிறது. காய் எடுப்பவர் நாள் முழுக்கக் குனிந்தும் குந்தியும் ஈர மண்ணில் நகர வேண்டும். காய்கள் ஒரே சமயத்தில் முற்றுவதில்லை என்பதால் சுற்றுச் சுற்றாக எடுக்க வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் தொடங்கிப் பனிக்காலம் வரை இந்த வேலை ஓய்வதில்லை. தேயிலையில் கொழுந்து நிறைந்த சாக்கைச் சுமந்து சரிவில் ஏறி இறங்கி எடை போடும் இடத்துக்குப் போக வேண்டும். மழையில் நனைந்த கொழுந்து காய்ந்த கொழுந்தைவிட எவ்வளவு கனக்கும் என்பது தோட்டத்துப் பெண்களுக்குத் தெரியும்.

2015 செப்டம்பரில் மூணாறு தெருக்களில் ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் உட்கார்ந்து நடத்திய பொம்பிளை ஒருமைப் போராட்டத்தை நாடு முழுதும் கவனித்தது. போனஸ் குறைக்கப்பட்டதிலிருந்து அது தொடங்கியது. கூலியும் போனஸுமே முதன்மைக் கோரிக்கைகள். தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுப் பெண்களே பேசத் தொடங்கியபோது, சுமை தூக்கித் தேய்ந்த உடம்பைப் பற்றியும் லயத்து வாழ்க்கையைப் பற்றியும் அவர்கள் பேசினார்கள். கூலியும் உடம்பும் வெவ்வேறு விஷயம் என்று அவர்கள் நினைக்கவில்லை. மருத்துவமும் அப்படி நினைக்கக் கூடாது.

இரும்பின் கணக்கு

சாதாரணப் பிரசவத்தில் அரை லிட்டர் வரை இரத்தம் போகலாம். அதோடு போகும் இரும்புச்சத்து சுமார் 200 மில்லிகிராம். நாம் உண்ணும் உணவிலிருந்து குடல் உறிஞ்சிக்கொள்ளும் இரும்பு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். உணவை மட்டும் நம்பினால் அந்த இழப்பை ஈடுகட்ட மாதக்கணக்கில் ஆகும் என்பது இந்த இரண்டு எண்ணிலிருந்தே புரியும்.

நாட்டின் ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் இரத்தசோகை உள்ளவர்கள் கேரளத்தில் 36 சதவீதம், தமிழ்நாட்டில் 53 சதவீதம். பிரசவத்துக்கு முன்பே கையிருப்பு குறைந்தவர்கள் இவர்களில் ஏராளம். இரத்தத்தில் ஹீமோகுளோபின் குறைந்தால் தசைக்குப் போகும் ஆக்சிஜன் குறைகிறது. சரிவில் ஏறும்போது இதயம் அதை ஈடுகட்ட வேகமாக அடிக்கிறது. மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது. சோம்பல் என்று மேஸ்திரி நினைக்கும் அந்தக் களைப்பு பல சமயம் இரும்புக் குறைவுதான். இரத்தசோகை உள்ள தாய்க்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வும் கூடுதலாக வருவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இதற்காகத்தான் பிரசவத்துக்குப் பின்பும் 180 நாள் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை கொடுக்க வேண்டும் என்று அரசுத் திட்டம் சொல்கிறது. கர்ப்பத்தில் மாத்திரை விழுங்கிய பெண்களில் பலர் பிள்ளை பிறந்ததும் நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பழக்கம் மாற வேண்டும். தேநீரோடு சேர்த்து விழுங்கினால் இரும்பு சரியாக உடம்பில் சேராது. தேநீரில் உள்ள டானின் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் கூடுதலாக உறிஞ்சப்படும்.

இறைக்க ஊறும் பால்

நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் சட்டென்று இறங்குகிறது. அதுவரை அது அடக்கிவைத்திருந்த பால் சுரப்பு, முதல் சில நாள் சீம்பாலாகவும் பிறகு பெருகியும் வருகிறது. இந்தத் தொடக்கம் ஹார்மோன்களின் வேலை. அதன் பிறகு பால் எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை முடிவுசெய்வது குழந்தை எவ்வளவு குடிக்கிறது என்பதே. இறைக்கிற கிணறு ஊறும் என்று கிராமத்தில் சொல்வது பாலுக்கு அப்படியே பொருந்தும்.

குழந்தை உறிஞ்சும்போது இரண்டு செய்திகள் தாயின் மூளைக்குப் போகின்றன. ஒன்று புரோலாக்டினைச் சுரக்கவைத்து, அடுத்த வேளைப் பாலைத் தயாரிக்கச் சொல்கிறது. மற்றொன்று ஆக்சிடோசினைச் சுரக்கவைத்து, தயாராக இருக்கும் பாலை வெளியே தள்ளுகிறது. வலி, பயம், கவலை, கடுங்களைப்பு ஆகியவை ஆக்சிடோசினைத் தடுக்கும். பால் இருந்தும் இறங்காது. தனக்குப் பாலே இல்லை என்று தாய் நம்பிவிடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். புரோலாக்டின் பகலைவிட இரவில் கூடுதலாகச் சுரக்கிறது. வேலைக்குப் போகும் தாய்க்கு இந்தச் செய்தி மிகவும் பயன்படும். இரவில் பக்கத்தில் படுக்கவைத்து வேண்டும்போதெல்லாம் பால் கொடுத்தால் பகலில் விட்டுப்போனதில் ஒரு பகுதியை மீட்டுவிடலாம்.

இன்னொரு கட்டுப்பாடு மார்புக்குள்ளேயே இருக்கிறது. பால் தேங்கி நிற்கும்போது, பாலிலேயே உள்ள ஒரு பொருளும் தேக்கத்தின் அழுத்தமும் சேர்ந்து சுரக்கும் உயிரணுக்களை நிறுத்தச் சொல்கின்றன. ஒரு பக்கம் தேங்கினால் அந்தப் பக்கம் மட்டும் குறையும். பாலைச் சேமித்துவைத்து மாலையில் மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. தேங்கிய பால் நாளையப் பாலைக் குறைத்துவிடுகிறது.

இப்போது ஜீப்பில் போகும் தாயிடம் திரும்புவோம். இரண்டு மாதக் குழந்தை ஒரு நாளில் எட்டு முறைக்குக் குறையாமல் குடிக்கும். நாளொன்றுக்குச் சுமார் 750 மில்லிலிட்டர் பால் தேவைப்படும். காலை ஐந்தரைக்குப் பால் கொடுத்துவிட்டுக் கிளம்பினால், பத்து மணிக்குள் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும். மதியத்துக்குள் ரவிக்கை நனையும். பிறகு சுரப்பு தளரும். நாலைந்து நாள் இப்படிப் போனால் பகல் சுரப்பு குறையத் தொடங்குகிறது. கட்டிய பால் வெளியேறாமல் இருந்தால் மார்பு சிவந்து, காய்ச்சல் வந்து, சீழ் பிடிக்கும் வரை போகலாம். ஏலத்தோட்டங்களில் அடிக்கடி மருந்து தெளிப்பதால், மாலை வீடு திரும்பியதும் கைகால் கழுவி உடை மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்க வேண்டும் என்ற கவனமும் சேர்ந்துகொள்கிறது.

வீட்டில் பாட்டி என்ன செய்வார்? பசித்து அழும் பேரனுக்குத் தண்ணீர் கலந்த பசும்பாலோ, சர்க்கரைத் தண்ணீரோ, டப்பாப் பாலோ கொடுப்பார். பசும்பாலில் உள்ள புரதமும் உப்பும் அந்த வயதுச் சிறுநீரகத்துக்கு அதிகம். தண்ணீர் கலந்தால் சத்துக் குறைந்து எடை ஏறாது. புட்டிப்பாலில் தண்ணீரின் சுத்தமும் புட்டியின் சுத்தமும் குழந்தையின் வயிற்றைத் தீர்மானிக்கும். தாய்ப்பாலில் உள்ள நோயெதிர்ப்புப் பொருள்களும் குறைவாகவே கிடைக்கும். பாட்டியின் அன்பில் குறை எதுவும் இல்லை. தாய்ப்பாலுக்கு ஈடாக அவர் கையில் ஒன்றும் இல்லை என்பதே சிக்கல்.

கவனிக்கப்படாத ஒரு விளைவு

தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் முதல் ஆறு மாதங்களில் மாதவிலக்கு திரும்பாமலிருந்தால் மறுபடி கருத்தரிக்கும் வாய்ப்பு இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய அறிஞர்கள் அதுவரை கிடைத்த ஆதாரங்களைத் தொகுத்து இதை உறுதிசெய்தார்கள். அடிக்கடி உறிஞ்சப்படும்போது மூளையிலிருந்து கருமுட்டையைத் தூண்டும் ஹார்மோன் அலைகள் அடங்கியிருக்கின்றன. இது வேலை செய்வதற்கு, பகலில் நாலு மணி நேரத்துக்கு மேல் பால் கொடுக்காமல் இருக்கக்கூடாது, இரவில் ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்பது நிபந்தனை.

பத்து மணி நேரம் பிரிந்திருப்பவளுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. பால் கொடுப்பதால் கரு தங்காது என்று மற்றப் பெண்கள் சொன்னதை நம்பியிருப்பவள், எதிர்பாராமல் கருத்தரிக்கிறாள். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கருத்தரிப்புக்கும் இடையில் குறைந்தது 24 மாதம் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இரும்பு நிரம்புமுன், தசை இறுகுமுன் அடுத்த பேறு வந்தால் மேலே சொன்ன குறைகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடும். வேலைக்குத் திரும்பும் தாயிடம் கருத்தடை பற்றிப் பேசுவது செவிலியர் தவறாமல் செய்ய வேண்டிய பணி.

சட்டம் யாருக்கு எட்டுகிறது?

பிரசவித்த ஆறு வாரத்துக்கு வேலை கூடாது என்ற விதி சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் முதல் மாநாட்டிலேயே, 1919இல், உடன்படிக்கையாக எழுதப்பட்டது. 1928இல் பம்பாய் சட்டமேலவையில் அம்பேத்கர் பேறுகாலப் பயன் மசோதாவை ஆதரித்துப் பேசினார். அடுத்த ஆண்டு அந்த மாகாணத்தில் சட்டம் வந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 1961இல் வந்து 12 வாரம் தந்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம், முதல் இரண்டு குழந்தைகளுக்கு அதை 26 வாரமாக்கியது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்ற மருத்துவப் பரிந்துரைக்கு அது ஏறக்குறைய ஈடாக நிற்கிறது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோதும் 26 வாரம் தொடர்ந்தது.

உலக அளவில் இதன் பலனுக்குச் சான்று இருக்கிறது. வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகள் 20இல் 2000 முதல் 2008 வரை நடந்த சுமார் 3 லட்சம் பிறப்புகளை ஆராய்ந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, சம்பளத்தோடு கூடிய பேறுகால விடுப்பு ஒரு மாதம் கூடினால் சிசு மரணம் சுமார் 13 சதவீதம் குறைவதைக் கண்டது. அதிலும் பலனில் பெரும்பகுதி, பிறந்து ஒரு மாதம் கழிந்த பிறகு வரும் மரணங்களைத் தடுப்பதில்தான் இருந்தது. தாய் வேலைக்குத் திரும்பும் காலமும் அதுதான்.

நம் நாட்டுப் பேறுகாலச் சட்டம் பலன் தருவதற்கு ஒரே முதலாளியிடம் முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். மூணாற்றின் நிரந்தரத் தொழிலாளிக்கு அது பெரிய நிபந்தனை கிடையாது. இந்த வாரம் ஒரு தோட்டம், அடுத்த வாரம் வேறொரு தோட்டம் என்று ஜீப் எங்கே இறக்கிவிடுகிறதோ அங்கே வேலை செய்பவள் 80 நாளை யாரிடம் நிரூபிப்பாள்? அவள் பெயர் எந்தப் பதிவேட்டில் இருக்கிறது? 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் 50 பெண்கள் அல்லது 20 குழந்தைகள் இருந்தால் காப்பகம் வேண்டும் என்றது. ஏலத்தோட்டங்களில் எத்தனையோ சிறு தோட்டங்கள் அந்த எண்ணிக்கையைத் தொடுவதே இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. 1961ஆம் ஆண்டுச் சட்டம் பிரசவத்துக்கு முந்தைய வாரங்களில் கடினமான வேலை தரக்கூடாது என்றது. திரும்பி வந்தவளுக்குச் சில காலம் எளிய வேலை தர வேண்டும் என்று சொல்லவில்லை. இடுப்புத் தசைகள் இறுகச் சில மாதம் ஆகும் என்ற உடலியலுக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. குழந்தைக்குப் 15 மாதம் ஆகும் வரை பால் கொடுக்க இரண்டு இடைவேளை உண்டு என்று அதே சட்டம் சொன்னது. ஆனால் குழந்தை மலையடிவாரத்தில் இருந்தால் அந்த இடைவேளையால் யாருக்குப் பயன்?

தேனி மாவட்டத் தாய்க்குத் தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருக்கிறது. 18,000 ரூபாய் மதிப்பில் 14,000 ரூபாய் பணமாகவும் மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் கிடைக்கிறது. பல மாநிலங்களோடு ஒப்பிட்டால் நல்ல திட்டம். அந்தப் பணத்தை ஆறு மாதத்துக்குப் பிரித்துப் பார்த்தால் நாளொன்றுக்கு 77 ரூபாய் வருகிறது. ஏலக்காட்டில் ஒருநாள் கூலி இதைப்போல் பல மடங்கு. கூலியை இழந்து வீட்டில் இருக்க அந்தத் தொகை போதாது என்பது அந்தக் குடும்பங்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். சீக்கிரம் வேலைக்குத் திரும்புகிறவளை அறியாமைக்காரி என்று சொல்வது அநியாயம். அவள் கணக்குத் தெரிந்துதான் போகிறாள்.

அட்டப்பாடியில் கற்றது

கேரளத்தின் சிசு மரண விகிதம் நாட்டிலேயே மிகக் குறைந்தவற்றுள் ஒன்று. 2020ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஆயிரம் பிறப்புக்கு 6, இந்தியா முழுதும் 28. அந்தக் கேரளத்திலேயே பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியில் 2013இல் பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி நாட்டை உலுக்கியது. இருளர், முடுகர், குறும்பர் வாழும் அகளி, புதூர், சோலையூர் ஊராட்சிகளில் எடை குறைந்து பிறந்த குழந்தைகளும் இரத்தசோகை கொண்ட தாய்மார்களும் மிகுதியாக இருந்தார்கள். ராகியும் சாமையும் விளைந்த நிலம் கைவிட்டுப் போனதும், அதோடு உணவு சுருங்கியதும் பின்னணியில் இருந்தன.

அதன் பிறகு ஊர்தோறும் சமூகச் சமையலறைகள் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் அமைப்பு வழியாகத் திறக்கப்பட்டன. கோட்டத்தறை மருத்துவமனைக்கு வசதிகள் கூடின. கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் மாதந்தோறும் உதவித்தொகை தரும் ஜனனி ஜன்ம ரக்ஷா திட்டம் வந்தது. ஒருமுறை கொடுத்து முடிக்கும் தொகையைவிட மாதாமாதம் கைக்கு வரும் தொகை ஓய்வெடுக்க உதவும் என்பது இத்திட்டத்தின் பலம். குறைகளும் தாமதங்களும் இல்லாமல் இல்லை. ஆனாலும் மருந்து, உணவு, பணம் மூன்றும் தாயின் ஊருக்கே வர வேண்டும் என்ற திசை சரியானது.

குழந்தையை வேலைக்கருகே கொண்டுவருவது

மேலே பார்த்தவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. கருப்பையும் தசையும் இரத்தமும் கேட்பது நாட்களை. பால் கேட்பது அருகாமையை. விடுப்பு முதல் தேவையைத்தான் தீர்க்கும். விடுப்பு கிடைக்காதவளுக்கும், விடுப்பு முடிந்து திரும்பியவளுக்கும், தாய்க்கும் குழந்தைக்கும் நடுவே உள்ள தூரத்தைக் குறைத்தாக வேண்டும்.

இது நடக்காத காரியம் ஒன்றுமில்லை. 1969இல் தில்லியில் கட்டுமான இடத்தில் தாய்மார் வேலை செய்யும்போது புழுதியில் கிடந்த குழந்தைகளைப் பார்த்து, மீரா மகாதேவன் ஒரு கூடாரத்தில் காப்பகம் தொடங்கினார். கட்டடம் எங்கே எழும்புகிறதோ அங்கே காப்பகமும் நகர்ந்தது. மொபைல் கிரெஷஸ் என்ற அந்த அமைப்பு இன்றும் இயங்குகிறது. 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டமும், பணியிடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் இருந்தால் வேலைக்கு வந்த பெண்களிலேயே ஒருவரை அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தி, அவருக்கும் கூலி தர வேண்டும் என்றது. ஐந்து குழந்தை என்ற அந்த வரம்பை ஏலக்காட்டுக்கும் கொண்டுவர வேண்டும். ஒரு தோட்டம் சிறியது என்றால், பக்கத்துத் தோட்டங்கள் நாலைந்து சேர்ந்து ஒரு காப்பகம் வைக்கலாம். ஊராட்சி இடம் தரலாம். ஆயாவின் சம்பளத்தைத் தோட்டக்காரர்கள் பகிர்ந்துகொள்ளலாம். ஜீப்பில் கைக்குழந்தையோடு பாதுகாப்பாக உட்கார இடம் வேண்டும் என்பதும் இதன் பகுதி. நெரிசலில் தொங்கிக்கொண்டு மலையேறும் வண்டியில் எந்தத் தாயும் குழந்தையைக் கொண்டுவர மாட்டாள்.

அதுவரை தாயால் செய்துகொள்ளக்கூடியவையும் உண்டு. காலையில் கிளம்புமுன், மாலையில் வந்ததும், இரவு முழுக்க என்று நேரடியாகப் பால் கொடுப்பது. மூன்று நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மறைவான இடத்தில் கையைச் சோப்புப்போட்டுக் கழுவிப் பாலைப் பீய்ச்சிவிடுவது. சேமிக்க வழியில்லாவிட்டாலும் பீய்ச்சினால்தான் சுரப்பு நிற்காது, கட்டும் வராது. வீட்டில் பீய்ச்சிய பாலைச் சுத்தமான எவர்சில்வர் பாத்திரத்தில் மூடிவைத்தால் 25 டிகிரி வெப்பத்தில் நாலு மணி நேரம் தாங்கும், குளிர்பெட்டியில் நாலு நாள் வரை வைக்கலாம். கம்பம் பள்ளத்தாக்கின் வெயில் காலத்துக்கு நாலு மணி நேரம் என்பது அதிகம், குளிர்பெட்டி வேண்டும். பாட்டி அதைக் கிண்ணத்திலோ சங்கிலோ புகட்டலாம், புட்டி வேண்டாம். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு துணி முழுக்க நனையும் இரத்தப்போக்கு, துர்நாற்றம், காய்ச்சல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மார்பில் சிவந்த கட்டி, எதிலும் பிடிப்பில்லாமல் அழுகை வருவது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைய வேலையை விட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆனால் இந்தப் பொறுப்பை எல்லாம் பச்சை உடம்புக்காரியின் தலையில் ஏற்றிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. தமிழ்நாட்டில் பிள்ளை பெற்று, கேரளத்தில் வேலை செய்பவள் இரண்டு அரசுகளின் நடுவில் நிற்கிறாள். பிரசவக் கணக்கு ஒரு மாநிலத்தில், வேலைக் கணக்கு மற்றொன்றில். இரண்டு மாநிலத் தொழிலாளர் துறைகளும் எல்லைச் சாவடியிலேயே இந்தப் பெண்களைப் பதிவுசெய்து, பல தோட்டங்களில் செய்த நாட்களைக் கூட்டி 80 நாளாகக் கணக்கிட்டால், இப்போதுள்ள சட்டமே அவர்களில் பலருக்குப் பயன்படும். ஏலக்காய் ஏலமையங்களுக்குப் போகும் ஒவ்வொரு கிலோவிலிருந்தும் ஒரு சிறு தொகையைப் பேறுகால நிதிக்கு ஒதுக்கினால், முதலாளி யார் என்ற கேள்வியே எழாது. ஏலக்காய் விற்கும் இடத்திலேயே பணம் சேர்ந்துவிடும்.

கருப்பைக் காயம் ஆற ஆறு வாரம், தசை இறுகச் சில மாதம், பாலுக்கு மூன்று நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை குழந்தையின் வாய். இந்த அளவுகளை எந்த முதலாளியும் அரசும் மாற்றிவிட முடியாது. மாற்றக்கூடியவை கூலி ஏற்பாடும் காப்பகம் இருக்கும் இடமும் ஜீப்பின் நேரமும்தான். அவற்றை உடம்பின் அளவுக்குப் பொருத்துவது இடுக்கி, பாலக்காடு, தேனி மாவட்ட நிர்வாகங்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து இந்த ஆண்டே தொடங்கக்கூடிய வேலை.